ஒரே எழுத்துகளில் தொடங்கும் ஆங்கிலச் சொற்களைக் கூட்டமாகப் படிப்பிப்பது பயன் தருமா?

உப்புவெளி ரீச்சர்:

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலையில் தரம் 9 முதல் சாதாரண தரம் வரையான பிள்ளைகளுக்கு வார இறுதியில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். பிள்ளைகளின் சொற்கொப்பிகளைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு குறை கண்ணில் படுகிறது. பாடநூலின் ஒரு பந்தியிலிருந்து நான்கு சொல், அடுத்த பந்தியிலிருந்து நான்கு சொல் என்று ஒன்றுக்கொன்று உறவில்லாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். பரீட்சை முடிந்ததும் அவை கொப்பியோடேயே தங்கிவிடுகின்றன. ஆகவே ஒரே எழுத்துகளைக் கொண்ட சொற்களைக் கூட்டமாகச் சேர்த்து, தமிழ்ப் பொருளோடு கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன்.

முதற் கூட்டமாக, கே என்ற எழுத்தை அடுத்து என் வருகின்ற சொற்களை எடுத்திருக்கிறேன். "நைஃப்" என்றால் கத்தி, "நீ" என்றால் முழங்கால், "நீல்" என்றால் முழந்தாளிடுதல், "நொட்" என்றால் முடிச்சு, "நிட்" என்றால் நூலாலோ கம்பளியாலோ பின்னுதல், "நொக்" என்றால் கதவில் தட்டுதல், "நொப்" என்றால் கதவில் உள்ள குமிழ், "நக்கிள்" என்றால் விரல் மூட்டு, "நீட்" என்றால் மா பிசைதல், "நாக்" என்றால் பழக்கத்தால் கைவந்த லாவகம், "நோ" என்றால் அறிதல். எல்லாவற்றிலும் கே எழுதப்படுகிறது, ஆனால் ஒலிப்பதில்லை. சொல்வதெழுதுதலில் பிள்ளைகள் விட்டுவிடுவதும் இந்தக் கே-யைத்தான். (முழங்காலுக்கு "நீ" என்று சொன்னதும் வகுப்பே ஒருவரை ஒருவர் சுட்டிக்காட்டிச் சிரிக்கும் என்பது வேறு விடயம்.)

இவ்வாறு கூட்டமாகக் கொடுப்பது உண்மையில் நினைவில் நிற்குமா, அல்லது பழைய பட்டியலுக்குப் பதிலாக இன்னொரு பட்டியலைத் திணிப்பதாக முடியுமா என்பதை இங்குள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

மூதூர்த் தந்தை:

ரீச்சர், என் மகள் இம்முறை சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றுகிறாள். நான் ஆங்கிலம் படித்தவன் அல்லன். ஆனாலும் பக்கத்தில் இருந்து பார்ப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன். ஒரே மாதிரித் தோன்றும் சொற்களை ஒரே நாளில் கொடுத்தால் பிள்ளை அவற்றை ஒன்றுக்குள் ஒன்று போட்டுக் குழப்பிக்கொள்கிறது. உங்கள் பட்டியலிலேயே "நீ", "நீல்", "நீட்" என்ற மூன்றும் நிற்கின்றன. முழங்கால் எது, முழந்தாளிடுவது எது, மா பிசைவது எது என்று இரவு கேட்டால் மூன்றையும் சொல்வாள், இடம் மாற்றிச் சொல்வாள். தொடக்க எழுத்து ஒன்றாக இருப்பது அகராதியை அடுக்குவதற்குத் தேவையான விடயம். அதைப் பிள்ளையின் தலைக்குள் ஏன் அடுக்க வேண்டும்?

உட்துறைமுக வீதி:

மூதூர்த் தம்பி கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கே ஏன் அங்கே நிற்கிறது என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளை அதை விடமாட்டாது என்பது என் அனுபவம். என் தந்தையார் பிரித்தானியக் கடற்படை 1957 இல் இங்கிருந்து போகும் வரைக்கும் டொக்யாட்டில் எழுதுவினைஞராக இருந்தவர். எங்கள் வீட்டில் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒரு வழக்கைப் போல நாள்தோறும் விசாரிக்கப்படும்.

இந்தக் கே ஒரு காலத்தில் ஒலித்த எழுத்து. பழைய ஆங்கிலத்தில் முழங்காலை "க்னேஓ" என்பது போலவும் முடிச்சை "க்னொட்டா" என்பது போலவும் சொன்னார்கள். 1476 இல் வில்லியம் கக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்த காலத்திலும் கே ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. அச்சு வந்த பின்பு எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல இறுகிவிட்டது. பேச்சோ தன் வழியில் போய், ஏறக்குறைய 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அந்த ஒலியை உதிர்த்துவிட்டது. ஆங்கிலத்தின் உறவு மொழியான ஜேர்மனில் இன்றைக்கும் முழங்காலை "க்னீ" என்றே சொல்கிறார்கள், கே தெளிவாகக் கேட்கும். ஜேர்மன் உல்லாசப் பயணிகள் நிலாவெளிக்கு வரும்போது யாராவது கேட்டுப் பார்க்கலாம்.

வகுப்பில் முதலில் கே-யை உரக்கச் சொல்ல வையுங்கள் ரீச்சர். "க்-நைஃப்", "க்-நொட்" என்று இரண்டு முறை பழைய காலத்து ஆளைப் போலச் சொல்லிவிட்டு, மூன்றாம் முறை இக்காலத்து ஒலியில் சொல்லி எழுதட்டும். பிறகு சொல்வதெழுதுதலில் அந்த எழுத்து தானாகவே வரும்.

தம்பலகாமத்தான்:

இந்தக் கூட்டத்தில் ரீச்சர் விட்டுவிட்ட இரண்டு சொற்கள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. ஒன்று "நைட்", கவசம் அணிந்த குதிரைவீரன். சதுரங்கப் பலகையில் நாம் குதிரை என்கிற காய்க்கு ஆங்கிலப் பெயரும் அதுவே. மற்றது "நேவ்", அயோக்கியன், நம்பத் தகாதவன். இந்த இரண்டுக்கும் பழைய ஆங்கிலத்தில் பொருள் ஏறக்குறைய ஒன்றுதான்: சிறுவன், ஏவல் செய்யும் பையன். ஒரு பையன் அரசனுக்கு ஏவல் செய்து, போர்வீரனாகி, பட்டம் பெற்று உயர்ந்துவிட்டான். மற்றப் பையன் வேலைக்காரனாகவே இருந்து, கடைசியில் கள்ளன் என்ற பெயரையும் வாங்கிக்கொண்டான். ஜேர்மனில் "க்னாபே" என்றால் இன்றும் வெறும் பையன்தான், அவன்மேல் எந்தப் பழியும் இல்லை.

சீட்டுக்கட்டிலும் இந்த ஆள் இருக்கிறான். நாம் ஜக் என்று சொல்லும் சீட்டுக்கு ஆங்கிலத்தில் பழைய பெயர் "நேவ்". சீட்டின் மூலையில் எழுத்துப் போடும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டில் பரவியபோது இவனுக்குக் கே-யும் என்-னும் போட்டார்கள். அது ராஜாவின் கே-யோடு குழம்பியது. கையில் விரித்துப் பிடித்திருக்கும்போது மூலை மட்டும்தானே தெரியும்? அதனால் ஜே என்ற எழுத்தோடு ஜக் என்ற பெயர் நிலைத்துவிட்டது. நம் ஊரில் 304 விளையாடுகிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அந்த ஆட்டத்தில் இந்த வேலைக்காரப் பையன் ராஜாவையும் வெட்டுவான். 30 புள்ளி அவனுக்கு, ராஜாவுக்கு வெறும் 3.

மூதூர்த் தந்தை:

கதை நன்றாக இருக்கிறது, நானும் ரசித்தேன். ஆனால் "நேவ்" என்ற சொல் சாதாரண தர வினாத்தாளில் வருமா என்று எனக்குச் சந்தேகம். ரீச்சர் கொடுத்த பதினொன்றையாவது பிள்ளை உறுதியாகப் பிடித்துக்கொள்ள ஒரு வழி சொல்லுங்கள்.

கடற்கரையான்:

மூதூர் ஐயா, "நொட்" என்ற சொல்லை உங்கள் மகள் மறக்காதபடி நான் சொல்கிறேன். வள்ளத்தில் போகிற எங்களுக்கு அது முடிச்சாகவும் இருக்கிறது, வேகமாகவும் இருக்கிறது. காற்று 20 நொட் என்று வானிலை அறிவிப்பில் சொன்னால் வள்ளத்தை இறக்குவதா என்று யோசிப்போம்.

முடிச்சு எப்படி வேகமாக மாறியது என்றால், பழைய பாய்க்கப்பல்களில் வேகத்தை அளக்க ஒரு மரப்பலகையைக் கயிற்றில் கட்டிப் பின்பக்கமாகக் கடலில் போடுவார்கள். பலகை தண்ணீரில் ஏறக்குறைய அப்படியே நிற்கும், கப்பல் முன்னால் போகும், கயிறு உருளையிலிருந்து கழன்று ஓடும். கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு இருக்கும். 28 செக்கனில் மணல் வடியும் கண்ணாடிக் கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டு, மணல் வடிந்து முடிவதற்குள் எத்தனை முடிச்சு கைக்குள்ளால் போனது என்று எண்ணுவார்கள். ஐந்து முடிச்சு போனால் வேகம் ஐந்து நொட், அதாவது மணிக்கு ஐந்து கடல்மைல். ஒரு கடல்மைல் என்பது 1.852 கிலோமீற்றர். வேகத்தைச் சொல்லும்போது "மணிக்கு ஐந்து நொட்" என்று சொல்லக்கூடாது. மணிக்கு என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கரையில் நின்று கதைக்கிற பலரும் இதைப் பிழையாகத்தான் சொல்கிறார்கள்.

உப்புவெளி ரீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. கடற்கரைத் தம்பி சொன்ன கயிற்றைப் பார்த்த பின்பு எனக்கு இன்னொன்று தோன்றுகிறது. முடிச்சு, முழங்கால், விரல் மூட்டு, கதவுக் குமிழ் எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பார்த்தால் எல்லாமே புடைத்த, திரண்ட பொருள்கள்தாம். சிறு மேட்டைக் குறிக்கும் "நோல்" என்ற சொல்லும் இதே எழுத்துகளில்தான் தொடங்குகிறது. "நிட்" என்பது "நொட்" என்பதிலிருந்தே பிறந்தது, முடிச்சுப் போட்டுப் போட்டுத்தானே பின்னுகிறார்கள்.

பிள்ளைகளுக்குத் தெரிந்த சான்று ஒன்று புவியியல் பாடத்திலேயே இருக்கிறது: நக்கிள்ஸ் மலைத்தொடர். மூடிய கையின் விரல் மூட்டுகள் வரிசையாக நிற்பதைப் போலத் தூரத்திலிருந்து தெரிவதால் அந்தப் பெயரை வைத்தார்கள். பிள்ளைகள் பெயரைத் தமிழில் எழுதிப் பழகியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அதன் முதலெழுத்து கே என்பதை அறிந்தவர் வகுப்பில் ஒருவரும் இல்லை. எல்லோரையும் கையைப் பொத்தி மேசையில் வைக்கச் சொல்லி, நான்கு மூட்டையும் எண்ணிக்கொண்டு அந்தச் சொல்லை எழுத வைத்தேன். இரண்டாம் முறை ஒருவரும் கே-யை விடவில்லை.

மொழியியல் மாணவி:

ரீச்சர், நீங்கள் இப்போது தொட்டிருப்பது நீங்கள் கேட்ட கேள்வியைவிடப் பெரிய விடயம். எழுத்து ஒன்றாக இருப்பதும் பொருள் ஒன்றாக இருப்பதும் வேறு வேறு. கே-என் கூட்டத்தில் "நோ", "நைஃப்", "நொக்" போன்றவற்றைப் புடைத்த பொருள் என்று சொல்ல முடியாது. ஆனால் டபிள்யூ-வை அடுத்து ஆர் வரும் கூட்டத்தை எடுத்துப் பாருங்கள். அங்கே எழுத்துகளுக்குப் பின்னால் ஒரே செயல் நிற்கிறது, முறுக்குதல்.

"ரிங்" என்றால் ஈரத் துணியைப் பிழிதல். மோதிரத்தைக் குறிக்கும் "ரிங்" ஆர்-இல் தொடங்கும், பிழிகிற "ரிங்" டபிள்யூ-வில் தொடங்கும். "ரெஞ்ச்" என்றால் வெடுக்கென்று திருகுதல். வாகனத் திருத்தகத்தில் அதே பெயரில் ஒரு கருவியும் உண்டு. "ரிஸ்ட்" என்றால் மணிக்கட்டு, கை திரும்புகிற இடம். "ரெஸில்" என்றால் மல்லுக்கட்டுதல், ஒருவரை ஒருவர் முறுக்கிப் புரட்டுவது. "ரீத்" என்றால் மலர்வளையம், கொடியை வளைத்து முறுக்கிச் செய்வது. "ரைத்" என்றால் வலியால் நெளிந்து துடித்தல், "ரிகிள்" என்றால் புழுவைப் போல நெளிதல், "ரிங்கிள்" என்றால் முகத்திலோ துணியிலோ விழும் சுருக்கம், "ரை" என்றால் ஒரு பக்கம் கோணிய, குறிப்பாக வாயைக் கோணிச் சிரிக்கிற. எல்லோருக்கும் தெரிந்த "ரோங்", அதாவது பிழை என்பதும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததே. வடகடல் நாட்டாரின் பழைய நோர்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த அந்தச் சொல்லுக்கு முதற்பொருள் கோணலானது என்பது. பொதி சுற்றுவதைக் குறிக்கும் "ராப்" என்பதும் பொருளால் இங்கே வந்து அமர்கிறது, ஆனால் அதன் மூலம் என்ன என்பதை அகராதிகள் உறுதியாகச் சொல்வதில்லை.

மூதூர் ஐயாவுக்கு என் பதில் இதுதான். பொருளும் சேர்ந்து நிற்கிற கூட்டத்தைக் கொடுத்தால் பிள்ளை பத்துச் சொல்லைத் தனித்தனியாகச் சுமப்பதில்லை. முறுக்குதல் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றைத் தேடிக்கொள்ளும்.

மூதூர்த் தந்தை:

தங்கச்சி, நீங்கள் சொல்வதில் ஒரு ஓட்டை இருக்கிறது. பிள்ளைகள் முதன்முதலில் படிக்கிற டபிள்யூ-ஆர் சொல் "ரைட்", எழுதுதல். அதில் என்ன முறுக்கு இருக்கிறது? கடற்கரையில் கிடக்கும் உடைந்த கப்பலை "ரெக்" என்கிறார்கள், அதுவும் இதே எழுத்துகள் என்று மகள் சொல்கிறாள். அதில் என்ன முறுக்கு?

தம்பலகாமத்தான்:

எழுதும்போது கை முறுக்குகிறதே! எழுத்துகளும் வளைந்து வளைந்துதானே போகின்றன?

மொழியியல் மாணவி:

அப்படி இழுத்துப் பொருத்தக் கூடாது ஐயா. இந்தப் பழக்கத்தினால்தான் சொல் ஆராய்ச்சி என்றாலே படித்தவர்கள் முகம் சுழிக்கிறார்கள். மூதூர் ஐயா கேட்ட இரண்டுமே வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை, அவற்றை அப்படியே சொல்லிவிட வேண்டும்.

"ரைட்" என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் கீறுதல், செதுக்குதல் என்று பொருள். மரத்திலும் கல்லிலும் கூரிய கருவியால் எழுத்துகளைக் கீறிய மக்களின் சொல் அது. நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. திருகோணமலையில் பிள்ளை படம் வரைவதில்லை, படம் கீறுகிறது.

"ரெக்" என்ற சொல் துரத்துதல், அடித்துத் தள்ளுதல் என்ற பொருளுடைய வேரிலிருந்து வந்தது. முதலில் அது உடைந்த கப்பலைக் குறிக்கவில்லை, கடல் அடித்துக் கரையில் ஒதுக்கிய பொருள்களைக் குறித்தது. அதே வேரிலிருந்துதான் "ரெட்ச்" என்ற சொல்லும் வந்தது. இன்றைக்குப் பரிதாபத்துக்குரியவன் என்று பொருள், பழைய ஆங்கிலத்தில் நாட்டிலிருந்து துரத்தப்பட்டவன். ஆக, இந்தக் கூட்டத்துக்குள் பெரிய வீடு ஒன்று முறுக்குதல், சின்ன வீடு ஒன்று துரத்துதல், "ரைட்" தனி வீடு. மூன்றையும் பிரித்துச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை குழம்பாது.

கடற்கரையான்:

கடல் அடித்து ஒதுக்கிய பொருளுக்கே ஒரு சொல் இருக்கிறது என்பது எனக்குப் புதிது. வாடைக் காற்றுக் காலத்தில் கரையில் ஒதுங்குகிற வலைத்துண்டு, மிதவை, பிளாஸ்டிக் கலன் எல்லாம் பழைய கணக்கில் "ரெக்" தான் போலிருக்கிறது.

உப்புவெளி ரீச்சர்:

தங்கச்சியின் பட்டியலைச் சனிக்கிழமை வகுப்பில் செய்து பார்த்தேன். கடலில் குளித்துவிட்டு வந்த சாரம் ஒன்றை ஒரு பையன் பையில் வைத்திருந்தான். அதை வாளித் தண்ணீரில் நனைத்து, இரண்டு பேரை இரண்டு முனையில் பிடிக்கச் சொல்லி, ஒருவர் வலப்பக்கமாகவும் மற்றவர் இடப்பக்கமாகவும் திருகச் சொன்னேன். தண்ணீர் சொட்டும்போது "ரிங்" என்று பலகையில் எழுதினேன். கயிற்றைப் போல் இறுகிய சாரத்தில் விழுந்திருந்த மடிப்புகளைக் காட்டி "ரிங்கிள்" என்றேன். பிடித்திருந்தவரின் கை எந்த இடத்தில் திரும்புகிறது என்று கேட்டேன், மணிக்கட்டைக் காட்டினார்கள், "ரிஸ்ட்" என்று எழுதினேன். சாரத்தை வட்டமாக வளைத்து மேசையில் வைத்ததும் ஒரு பிள்ளை தானாகவே மலர்வளையம் என்றாள். நான்கு சொல்லும் டபிள்யூ-வோடு சரியாக எழுதப்பட்டன. "ரைத்" என்பதை நடித்துக் காட்ட ஒரு பையன் தரையில் படுத்துத் துடித்ததில் வகுப்பு சிறிது நேரம் கைவிட்டுப் போனது.

எனக்கு இன்னும் ஒரு சந்தேகம். ஜி-யும் எல்-லும் சேர்ந்து தொடங்கும் சொற்கள் பலவற்றில் ஒளி இருப்பதைக் கவனித்திருக்கிறேன். இதுவும் ஒரே குடும்பமா?

மொழியியல் மாணவி:

ரீச்சர், இந்தக் கூட்டம் மொழியியலில் புகழ் பெற்றது. "குளோ" என்றால் தணல்போல் ஒளிவிடுதல், "கிளீம்" என்றால் மென்மையாக மின்னுதல், "கிளிட்டர்" என்றால் பல புள்ளிகளாகப் பளபளத்தல், "கிளிசன்" என்றால் ஈரமான பொருள் மினுங்குதல், "கிளின்ட்" என்றால் ஒரு கணம் பளிச்சிடுதல், "கிளிமர்" என்றால் மங்கலாக மினுக்குதல், "கிளேர்" என்றால் கண்கூசும் ஒளி, "குளொஸ்" என்றால் மேற்பரப்பின் மினுமினுப்பு, "கிளாஸ்" என்றால் கண்ணாடி. பார்வையைக் குறிக்கும் "கிளான்ஸ்", "கிளிம்ஸ்" என்ற இரண்டும் இங்கேதான் வரும். முதலாவது நாமாகத் திருப்பி ஒரு முறை பார்ப்பது, இரண்டாவது தற்செயலாகக் கண்ணில் பட்டு மறைவது. பிள்ளைகள் இந்த இரண்டையும் மாற்றிப் போடுவார்கள், கவனியுங்கள்.

இவற்றுள் பல ஒரே வேரைச் சேர்ந்தவை, ஆனால் எல்லாம் அல்ல. "கிளான்ஸ்" பிரெஞ்சிலிருந்து வந்தது, அங்கே அதற்கு வழுக்குதல் என்ற பொருளே இருந்தது; ஆங்கிலத்துக்கு வந்த பின்பு, ஒளியும் பார்வையும் நிறைந்த இந்தக் கூட்டத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. ஒரு மொழியில் சில ஒலிகள் இப்படி ஒரு பொருளைச் சுற்றிச் சொற்களை ஈர்த்துக்கொள்வதைப் பிரித்தானிய மொழியியலாளர் ஜே. ஆர். ஃபேர்த் 1930 இல் எடுத்துக்காட்டி, அத்தகைய ஒலிக்கூட்டுக்கு "ஃபோனஸ்தீம்" என்று பெயர் வைத்தார்.

மூதூர்த் தந்தை:

"குளவ்" என்றால் கையுறை, "குளூ" என்றால் பசை, "குளோப்" என்றால் பூகோளம். மகளின் பாடநூலில் தேடி எடுத்தேன். இவற்றில் எங்கே ஒளி? வெளிச்சமே இல்லாத மூன்று சொல்லை நான் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்தேன் என்றால் பரீட்சை மண்டபத்தில் பிள்ளை எதை நம்புவது?

உட்துறைமுக வீதி:

தம்பி, ஒளி இல்லை என்று நீங்கள் தேடிக் கண்டுபிடித்த அந்த மூன்றையும் உங்கள் மகள் இனி மறக்கமாட்டாள்.

ஆனால் உங்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. இதைப் பொருளை ஊகிக்கிற கருவியாகப் பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது. தெரிந்த சொல்லை நினைவில் வைத்திருக்க உதவும், தெரியாத சொல்லின் பொருளைச் சொல்லாது. "கிளாட்" என்ற சொல்லைப் பாருங்கள். இன்று மகிழ்ச்சியான என்று பொருள், பார்த்தால் கூட்டத்துக்கு வெளியே நிற்பதாகத் தோன்றும். பழைய ஆங்கிலத்தில் அதற்கு ஒளிர்கிற, பிரகாசமான என்ற பொருளும் இருந்தது. இதை அகராதியைப் பார்த்தவர் சொல்லலாம், பிள்ளை ஊகித்துச் சொல்ல முடியாது.

தம்பலகாமத்தான்:

எஸ்-ஐ அடுத்து என் வருகிற கூட்டத்தை ஒருவரும் எடுக்கவில்லையே. அது முழுக்க மூக்கு. "ஸ்னோர்" என்றால் குறட்டை, "ஸ்னிஃப்" என்றால் மோப்பம் பிடித்தல், "ஸ்னோர்ட்" என்றால் எருமை செய்வதைப் போல மூக்கால் சீறுதல், "ஸ்னவுட்" என்றால் பன்றியின் நீண்ட மூக்கு, "ஸ்னீர்" என்றால் மூக்கைச் சுழித்து ஏளனம் செய்தல், "ஸ்னீஸ்" என்றால் தும்மல். மூக்கால் சிந்துவதற்கும் ஒரு சொல் உண்டு, அதை ரீச்சர் வகுப்பில் சொல்லத் தேவையில்லை, பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். பாம்பைக் குறிக்கும் "ஸ்னேக்", நத்தையைக் குறிக்கும் "ஸ்னெயில்" ஆகிய இரண்டும் ஊர்தல் என்ற வேறொரு வேரைச் சேர்ந்தவை என்று அகராதியில் படித்தேன். பாம்புக்கும் நத்தைக்கும் உறவு என்றால் நத்தை நம்புமா?

மொழியியல் மாணவி:

தும்மல் இந்தக் கூட்டத்துக்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. பழைய ஆங்கிலத்தில் அது எஃப்-ஐ அடுத்து என் வருமாறு, "ஃப்னீஸ்" என்பது போல, தொடங்கியது. அந்தத் தொடக்கம் மொழியில் அரிதாகிப்போனதும், மூக்குச் சொற்கள் நிறைந்த எஸ்-என் பக்கம் அது போய்விட்டது.

கடற்கரையான்:

டபிள்யூ-வை அடுத்து எச் வருகிற சொற்களையும் யாராவது விளக்க முடியுமா? திமிங்கிலம் பார்க்க வருகிற வெளிநாட்டவரை வள்ளத்தில் ஏற்றிப் போகிற பையன்களுக்கு நான் கொஞ்சம் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். "வேல்" என்று எழுதச் சொன்னால் டபிள்யூ-வோடு நிறுத்திவிடுகிறார்கள்.

உட்துறைமுக வீதி:

தம்பி, பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொற்களில் எச் முன்னால் நின்றது. திமிங்கிலத்தை "ஹ்வேல்" என்பது போலச் சொல்லி, எச்-ஐ முதலிலும் டபிள்யூ-வின் ஒலியைப் பிறகும் எழுதினார்கள். நோர்மன் படையெடுப்புக்குப் பிந்திய காலத்து எழுத்தர்கள் வரிசையை மாற்றிவிட்டார்கள்; ஒலி அப்படியே இருந்தது. ஸ்கொட்லாந்திலும் அயர்லாந்திலும் இன்றைக்கும் பலர் அந்த "ஹ்" ஒலியோடு பேசுவதைக் கேட்கலாம். உங்கள் பையன்களையும் கொஞ்சம் காற்றை ஊதிச் சொல்லப் பழக்குங்கள், எச் மறக்காது.

காற்று ஊதுவதை விளங்கவைக்க இதே கூட்டத்தில் வேறு சொற்களும் இருக்கின்றன: "விஸ்பர்" என்றால் இரகசியம் பேசுதல், "விசில்" என்றால் சீழ்க்கை, "வீஸ்" என்றால் ஈளை நோயாளி மூச்சு இழுப்பது. கேள்விச் சொற்கள் பலவும் இங்கேதான் இருக்கின்றன. வெள்ளையைக் குறிக்கும் "வைட்", கோதுமையைக் குறிக்கும் "வீட்" என்ற இரண்டும் ஒரே வேர். மா வெண்மையாக இருப்பதால் தானியத்துக்கு அந்தப் பெயர் வந்தது. சீனக்குடாவில் பிறிமா மாவாலையைக் கடந்து போகும்போது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வசதியான சொல் அது.

ஆனால் "ஹோல்" என்ற சொல்லில், அதாவது முழுமை என்று பொருள்படும் சொல்லில், டபிள்யூ நின்றது பழைய காலத்திலிருந்து அல்ல. அது 15ஆம் நூற்றாண்டில் ஒட்டிக்கொண்டது. சுகமாதலைக் குறிக்கும் "ஹீல்", உடல்நலத்தைக் குறிக்கும் "ஹெல்த்" ஆகிய இரண்டும் அதன் உறவுகள், அவற்றில் டபிள்யூ இல்லை என்பதைக் கவனியுங்கள். இதுபோல வெளிநாட்டைக் குறிக்கும் "ஃபொரின்" என்ற சொல்லில் உள்ள ஜி-யும் இடையில் வந்து நுழைந்தது. ஆட்சியைக் குறிக்கும் "ரெயின்" என்ற சொல்லில் ஜி நியாயமாக இருப்பதைப் பார்த்து இதற்கும் போட்டுவிட்டார்கள்.

மூதூர்த் தந்தை:

ஐயா, அப்படியானால் ஒலித்து மறைந்த எழுத்தும் இருக்கிறது, ஒரு நாளும் ஒலிக்காமல் நுழைந்த எழுத்தும் இருக்கிறது. பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான், எழுதாவிட்டால் புள்ளி போகும்.

உப்புவெளி ரீச்சர்:

உண்மைதான் ஐயா. ஆகவே நான் இப்படிச் செய்யப் போகிறேன். டபிள்யூ-ஆர், ஜி-எல், எஸ்-என் ஆகிய மூன்றையும் பொருளோடு, கையால் செய்து காட்டிப் படிப்பிப்பேன். கூட்டத்துக்குள் அடங்காதவற்றைப் பிள்ளைகளே தேடிக்கொண்டு வரட்டும், மூதூர் ஐயா செய்ததைப் போல. கே-என் கூட்டத்தில் முடிச்சு, மூட்டு, முழங்கால், குமிழ் ஆகிய நான்கையும் ஒரு வாரமும் மற்றவற்றை வேறு வாரங்களிலும் கொடுப்பேன். "நீல்" என்பதும் "நீட்" என்பதும் ஒரே பக்கத்தில் வராது. டபிள்யூ-எச் கூட்டத்தில் கேள்விச் சொற்களை அவர்கள் கீழ் வகுப்பிலேயே படித்துவிட்டார்கள், அதற்கு நேரம் செலவிட மாட்டேன்.

மூதூர்த் தந்தை:

அந்தப் பிரிப்பு எனக்குச் சரியாகப் படுகிறது ரீச்சர். மகள் ஒரு கேள்வி கேட்கச் சொன்னாள். "நொலெஜ்" என்றால் அறிவு, அதில் கே ஒலிப்பதில்லை. கடிதங்களில் ஒப்புக்கொள்கிறோம், பெற்றுக்கொண்டோம் என்று எழுத "அக்நொலெஜ்" என்ற சொல்லைப் போடுகிறார்கள். அதில் மட்டும் ஏன் கே கேட்கிறது?

மொழியியல் மாணவி:

நல்ல கேள்வி, மகளுக்கு என் பாராட்டு. அந்தச் சொல்லில் ஏ-யை அடுத்து சி, அதன் பின்புதான் கே, என் என்று எழுத்துகள் வருகின்றன. சொல்லின் தொடக்கத்தில் "க்" என்பதையும் "ந்" என்பதையும் சேர்த்துச் சொல்வதைத்தான் ஆங்கிலம் கைவிட்டது. இங்கே முன்னால் ஒரு உயிர் நிற்பதால் "அக்" என்று ஓர் அசை முடிந்து, "நொ" என்று அடுத்த அசை தொடங்குகிறது. அதனால் "க்" ஒலி தப்பிவிட்டது. எழுதும்போது சி-யை விட்டுவிடுவதுதான் இதில் வழக்கமான பிழை, அதை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.